வெஸ்லிக்கு ஒரு ஊர்

நடக்க முடியாமலெல்லாம் இல்லக்கா. நல்லாவே நடப்பேன். இந்த வீல்சேர் வெஸ்லி போட்டது. இந்தத் தோஹா ஏர்போர்ட்ல இறங்கி வழி தெரியாம நிக்கப்படாது, இதுல உக்காந்தா அவனுவளே தள்ளிட்டுப் போய் அடுத்த ஃபிளைட்ல ஏத்திருவானுவன்னு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிட்டான். சொன்னான்னா, அவன் சொல்லல, ஃபோன் சொல்லிச்சு. அவன் ஃபோன்கிட்ட இங்கிலீஷ்ல பேசுவான். அது எங்கிட்ட தமிழ்ல பேசும், ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி.

நீங்க மகளுக்குப் பேறுகாலம் பாத்துட்டு வாரிய. ஆம்பளப் பிள்ளையா? நல்லது, நல்லது. நான் மகன் செத்ததுக்குப் போயிட்டு வாரேன்.

ஐயோன்னு சொல்லாதிய. பரவால்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ, நான் என்ன பதில் சொல்லணும்னுதான் தெரிய மாட்டேங்கு. அழுதா அவங்களுக்கும் ஒரு வேலை இருக்கும், தோளைத் தட்டலாம். எனக்கு இன்னும் அழுகை வரல. பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகும்லா, கடிச்சாக்கூடத் தெரியாது. அப்படி இருக்கு.

நான் பாளையங்கோட்டை. கேர்ள்ஸ் ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். லில்லிபுஷ்பம் டீச்சர்னா தெரியும். எங்க சார் ஹெட்மாஸ்டர். சார்னா என் வீட்டுக்காரர்தான், எல்லாரும் சார்னு கூப்பிட்டு நானும் அப்படியே பழகிட்டேன். தேவதாசன் சார். அவிய போய் வருஷம் ஆச்சு. ஒரே மகன், டென்சிங். சார் வச்ச பேரு.

டென்சிங் படிக்கப் போனவன்தான். அப்படியே வேலை, அப்படியே வீடு. இண்டியானாவுல. அந்தப் பேரைக் கேட்டா நம்ம இந்தியா மாதிரியே இருக்குன்னு சார் சிரிப்பாவ. இந்த வருஷம், புது வருஷ ஆராதனை முடிஞ்ச வாரம், வீட்டு முன்னால பனி மூடிக் கிடந்திருக்கு. காரை எடுக்கணும்னு வாரித் தள்ளிட்டு இருந்திருக்கான். நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவன்தான். எந்திரிக்கல. வெஸ்லி அடுக்களை ஜன்னல் வழியா பாத்திருக்கான். முதல்ல, ஷூ கயித்தைக் கட்டதுக்கு உக்காந்திருக்கான்னு நெனச்சானாம்.

வெஸ்லி யாருன்னு கேக்கிய. அவன் ஃபிரெண்டு. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தானுவ. அமெரிக்காவுல அது சகஜம்.

பேரு நல்ல பேரு பாத்துக்கிடுங்க. நம்ம கிறிஸ்தவப் பேருல்லா. சாரும் நானும் முன்னால ஒருக்கா போயிருந்தப்ப, டென்சிங் "இது வெஸ்லி, கீழ ரூம்ல இருக்கான்"னு காட்டினான். வெள்ளைக்காரன், நல்ல உயரம். எங்களைக் கண்டா ஒதுங்கி ஒதுங்கிப் போவான். அடக்கமான பையன்னு சார் சொன்னாவ. இந்தத் தடவை போனேன்லா, எனக்கு அந்தக் கீழ ரூமைத்தான் குடுப்பான்னு பாத்தேன். உள்ள போனா ஓடுற மெஷினு, பெயிண்ட் டப்பா, கிறிஸ்மஸ் மரத்தை மடிச்சு வச்ச அட்டைப்பெட்டி. கட்டில் போட்ட அடையாளமே இல்ல. சரி, இவன் மேல எங்கயாவது மாறியிருப்பான்னு நெனச்சேன். மேல இருக்கதே ஒரே படுக்கை ரூமு. அதை எனக்குக் குடுத்துட்டு அவன் ஹால்ல சோஃபாவுல படுத்தான். கால் வெளிய நீட்டிட்டு இருக்கும்.

நான் வந்து சேருற வரைக்கும் வச்சிருந்தாவ. முகம் பாத்தேன். அப்புறம் எரிச்சுட்டாவ. எனக்கு அதுல வருத்தம்தான். எங்க வழியில புதைக்கதுதான். எரிக்கணும்னு டென்சிங்கே சொல்லி வச்சிருந்தானாம். என்கிட்ட யாரும் சொல்லலயே. ஆபீஸ்ல கையெழுத்து போட வேண்டிய இடத்துல எல்லாம் வெஸ்லிதான் போட்டான். என்ன முறையில போடுதான்னு நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது, எனக்கு இங்கிலீஷும் வராது.

சாம்பலை ஒரு மரப்பெட்டியில போட்டுக் குடுத்தாவ. நம்ம பைபிள் வைக்கிற பெட்டி மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் கனம் கூட.

அதுக்குப் பிறகுதான் இந்த ஊர் பாக்கிற கதை. அந்த வீட்ல வெஸ்லியால இருக்க முடியல. காரை வெளிய எடுக்கணும்னா டென்சிங் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் எடுக்கணும். அவன் காரை ரோட்ல நிப்பாட்டிட்டுப் புல்லுல சுத்தி நடந்து வருவான். பனியெல்லாம் உருகின பிறகும் அப்படித்தான். ஒருநாள் ஃபோனை மேசையில வச்சுப் பேசினான். அது சொல்லிச்சு: "நாங்கள் ஒரு சிறிய கல்லூரி ஊருக்குக் குடிபெயர விரும்பினோம். அவன் பாடம் நடத்த விரும்பினான். எங்களைப் போன்றவர்கள் அமைதியாக வாழும் ஊர் வேண்டும். நீங்கள் என்னோடு வருவீர்களா?"

எங்களைப் போன்றவர்கள்னா நான் விசுவாசிகள்னு எடுத்துக்கிட்டேன். வேற என்னத்த எடுக்க? டென்சிங் சின்னதுலயே ஞாயித்துக்கிழமை பள்ளியில பரிசு வாங்கினவன். கோயில் பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டிருப்பான், அவன் ஆசையை இவன் நிறைவேத்துதான். நல்ல காரியம்தான். வாரேன்னுட்டேன். வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கதுக்குப் பதிலா காருக்குள்ள உக்காந்து ரோட்டைப் பாக்கலாம்.

நான் முன் சீட்டு. பெட்டி பின் சீட்டு. அதுக்கு பெல்ட் மாட்டியிருந்தான். எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. வழியெல்லாம் சோளம் அறுத்த காடு. அடித்தட்டை மட்டும் நிக்கும், ஒரு ஆள் கிடையாது. நடுவுல நடுவுல ஒரு ஊர் வரும், தண்ணி டேங்க் வரும், அதுல ஊர் பேரு எழுதியிருக்கும். அந்தப் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது.

முதல் ஊர்ல ஒரு வீட்டைக் காட்ட ஆள் வந்தார். நல்லா டை கட்டிக்கிட்டு, சிரிச்ச முகம். எனக்குக் கதவெல்லாம் திறந்து விட்டார். மாடி, கக்கூஸ், துணி துவைக்கிற மெஷின் எல்லாம் காட்டினார். அப்புறம் வெஸ்லிகிட்ட என்னமோ கேட்டார், இவன் பதில் சொன்னான். அதுல எனக்கு ரெண்டு வார்த்தை புரிஞ்சுச்சு. ஹஸ்பண்ட். டைடு.

இது தெரியாதா எனக்கு? ஓஹோ, இந்தம்மா வீட்டுக்காரர் தவறிட்டார், அதான் கூட்டிட்டு வந்திருக்கேன்னு என்னைப் பத்திச் சொல்லுதான்னு நெனச்சுக்கிட்டேன். நானும் ஆமான்னு தலையை ஆட்டினேன். அந்த ஆள் என்னைப் பாத்தார், அவனைப் பாத்தார், கடிகாரத்தைப் பாத்தார். வேற வேலை இருக்குன்னு கிளம்பிட்டார். கதவைக்கூட அவசர அவசரமாப் பூட்டினார்.

எனக்குக் கோவம் வரல. நம்ம ஊர்லயும் வீடு பாக்கப் போகும்போது தாலி இல்லாதவ முன்னால நின்னா முகம் சுழிக்கிற ஆள் உண்டும்லா. நாங்க கிறிஸ்தவங்கதான், ஆனாலும் சொந்தக்காரங்க புத்தி போகாது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது என்னை விட்டுட்டுப் போயிருக்காவ. வெள்ளைக்காரனுக்கும் அந்த எண்ணம் இருக்கு பாருன்னு நெனச்சேன். வெஸ்லிகிட்ட ஃபோன்ல சொன்னேன், "இனிமே என்னைப் பத்தி எடுத்ததும் சொல்லாத, வீடு அமையாது"ன்னு. ஃபோன் அதை எப்படி மாத்திச்சோ, அவன் என்னையே கொஞ்ச நேரம் பாத்தான்.

ரெண்டாவது ஊர் எனக்கு ரொம்பப் பிடிச்சுச்சு. ஆத்துக்கு மேல ஒரு பாலம், பாலம் இறங்கினா நேரா ஒரு தெரு, அந்தத் தெருவுல வரிசையா கோயில். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, எதுத்தாப்ல ஒண்ணு. சபை சபையா. காலேஜ்கூட ஏதோ சபைக்காரங்க கட்டினதுதானாம். குப்பை ஒரு துண்டு கிடையாது. பாத்ததும் நான் "நல்ல ஊர், நல்ல ஊர்"ன்னேன். அது அவனுக்குப் புரியும். டென்சிங் கொஞ்சம் தமிழ் சொல்லிக் குடுத்திருக்கான். அம்மா, நல்ல, சாப்பாடு, போதும், சரி. இவ்வளவுதான் தெரியும்.

அங்க ஒரு ஓட்டல்ல காலை சாப்பாட்டுக்குப் போனோம். பரிமாறின அம்மாவுக்கு என் வயசு இருக்கும். எங்கேருந்து வாரிய, என்ன விஷயம்னு விசாரிச்சா. வெஸ்லி சொன்னான். மறுபடியும் அதே வார்த்தை. மை ஹஸ்பண்ட் டைடுன்னான். இந்தத் தடவை அந்த 'மை' எனக்குக் கேட்டுச்சு. கேக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவன் வேகமா பேசுத ஆளு, என்னமோ சேத்துப் பேசிட்டான்னு விட்டுட்டேன்.

அந்தம்மா அவனைப் பாத்தா. ரொம்ப நேரம் இல்ல, சும்மா ஒரு பார்வை. அப்புறம் என் பக்கம் திரும்பி, என் தோள்ல கையை வச்சு, "ஸோ ஸாரி, ஹனி"ன்னா. ஆப்பிள் பைன்னு ஒரு இனிப்பு, அதுல எனக்கு ஒரு துண்டு கொண்டு வந்து வச்சா. இலவசமாத்தான். நான் "தேங்க்யூ, தேங்க்யூ"ன்னேன். சாருக்காக வெள்ளைக்காரி ஒருத்தி ஸாரி சொல்லுதா, அந்த ஆப்பிள் பையைச் சாப்பிடாம வரலாமா? முழுசும் சாப்பிட்டேன். வெஸ்லி முட்டையைக் கிண்டிக்கிட்டே இருந்தான். சாப்பிடல.

கார்ல ஏறினதும் "இந்த ஊரே இருக்கட்டும்"னேன். அவன் "போதும், அம்மா"ன்னான். எனக்குக் கோவம் வந்துட்டு. எது போதும்? எவ்வளவு மரியாதையான சனங்க, எத்தனை கோயில், இதை விட என்ன வேணும்னு தமிழ்லயே திட்டிட்டு வந்தேன். கொஞ்ச தூரம் போய் ஒரு சோளக்காட்டு ஓரமா காரை நிப்பாட்டினான். ஃபோனை எடுத்துப் பேசினான். அது சொல்லிச்சு: "இந்த ஊரில் என்னால் அவனைப் பற்றிப் பேச முடியாது."

நான் சொன்னேன், "பேசாண்டாம். வாயை மூடிட்டு இருந்தா எந்த ஊரும் நல்ல ஊர்தான்."

நம்ம அனுபவத்துல சொல்லுததுதான அக்கா. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பிய. நானும் சாரும் எத்தனை விஷயத்துல வாயை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கோம். டென்சிங்குக்கு முப்பது தாண்டியும் ஏன் பொண்ணு பாக்கலன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் அமெரிக்கா வேலை, லீவு கிடைக்கலன்னு சொல்லியே ஓட்டலையா? ஒரு தடவை டென்சிங் லீவுக்கு வந்தப்ப, "அம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்"னான். அன்னைக்கிப் பாத்து வீடு நிறைய ஆளு. "பொறவு பேசலாம் மக்கா"ன்னேன். அப்புறம் அவன் பேசல, நானும் கேக்கல. வீட்ல ஒரு சத்தம் இல்லாம அமைதியாத்தான் இருந்துச்சு.

வெஸ்லிக்கு ஃபோன் அதை இங்கிலீஷ்ல சொல்லிச்சு. அவன் கேட்டுட்டு ஃபோனை அணைச்சு கார்ல முன்னால இருக்க டப்பாவுக்குள்ள போட்டுட்டான். பின்ன ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. பேசணும்னாலும் எப்படிப் பேச? சோளக்காடுதான் போயிட்டே இருந்துச்சு.

மூணாவது ஊர் அயோவாவுல. சின்ன ஊர்தான், ஆனா காலேஜ் பிள்ளைங்க தெரு நிறைய. கடைக் கடைக்குக் கலர் கலரா கொடி, வானவில் மாதிரி. நம்ம பக்கம் கோயில்ல ஊருக்கே சாப்பாடு போடுற அசன விழாவுக்குத் தோரணம் கட்டுவாவல்லா, அது மாதிரி. ஏதோ திருவிழா போலன்னு நெனச்சேன். ஒரு கோயில் வாசல்லகூட அந்தக் கொடிதான். வெஸ்லி அந்தக் கோயிலைத் தாண்டும்போது காரை மெதுவாக்கினான். நிப்பாட்டல.

அந்தத் தெருவுல ஒரு துணிக்கடை. மெத்தைமேல விரிக்க ஒட்டுத்துணி தைப்பாங்கல்லா, அதுக்கான துணி. நான் கண்ணாடி வழியா பாத்துட்டு நின்னுட்டேன். அத்தனை நாள்ல நானா ஒரு இடத்துல நின்னது அதுதான். வெஸ்லி கதவைத் திறந்து விட்டான். கடைக்காரி லொரெய்ன். குட்டையா வெட்டின நரைமுடி, ஆம்பளச் சட்டை. இன்னொரு அம்மா உள்ள மேசையில வெட்டிக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரும் இன்ச் டேப்பை எங்க வச்சோம்னு சண்டை போட்டுட்டு இருந்தாவ. அக்கா தங்கச்சி போல. ஒரே வீடுதானாம்.

நான் ஒரு துணியை விரிச்சு இழை பாத்துட்டு இருந்தேன். நல்ல பருத்தி. லொரெய்ன் வெஸ்லிகிட்டப் பேச்சுக் குடுத்தா. இவன் சொல்லுதது காதுல விழுது. மை ஹஸ்பண்ட் டைடு, திஸ் விண்டர். நான் பழக்கத்துல தலையை நிமிர்த்தி அந்தம்மாவைப் பாத்தேன், ஸாரின்னு சொன்னா தேங்க்யூ சொல்லணும்லா.

அவ என்னைப் பாக்கல. மேசையைச் சுத்தி வெளிய வந்தா. அவன் கையைப் பிடிச்சா. "வாட் வாஸ் ஹிஸ் நேம்?"னு கேட்டா.

அது எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு. நேம். மத்த ஊர்ல யாருமே பேரைக் கேக்கல. இவன் எங்க சார் பேரை எப்படிச் சொல்லப் போறான், தேவதாசன்னு இவனுக்கு வாயில வருமான்னு பாத்துட்டே நின்னேன்.

"டென்சிங்"ன்னான் வெஸ்லி.

தெரியாதுன்னு சொல்ல முடியாதுக்கா. தெரியும்னும் சொல்ல முடியாது. கையில துணி விரிச்சபடி கிடக்கு. எத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன், அதை எப்படி மடிக்கதுன்னு எனக்கு மறந்துபோச்சு. ஒரு மூலையைப் பிடிச்சா இன்னொரு மூலை கையை விட்டுப் போகு. உள்ள இருந்த அம்மா வந்து மெதுவா வாங்கி மடிச்சு வச்சா.

வெஸ்லி அழுதான். எங்கூட இருந்த அத்தனை நாள்ல அவன் அழுது நான் பாக்கல, அன்னைக்கி அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி இல்ல, வயசான ஆளு அழுத மாதிரி, சத்தமில்லாம, தோள் மட்டும் ஆடுச்சு. லொரெய்ன் நிறையக் கேட்டா. எங்க பாத்தீங்க, எப்படிப்பட்ட ஆளு, என்ன சமைப்பான். இவன் சொல்லிட்டே இருந்தான். நடுவுல சிரிச்சான்கூட. நான் ஒரு ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். எங்க பிள்ளையைப் பத்தி ரெண்டு பேரு பேசுதாவ, எனக்கு அதுல பாதி புரியல. அப்ப எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆப்பிள் பை. அது அவனுக்கு வரவேண்டியது.

அப்புறம் லொரெய்ன் என்னைக் காட்டிக் கேட்டா. "ஹிஸ் மதர்"ன்னான். அந்தம்மா என்னைக் கட்டிப்பிடிச்சா. நான் கட்டை மாதிரி நின்னேன். அவளுக்கு என்ன தோணிச்சோ.

அன்னைக்கி அவங்க வீட்டு மாடியிலதான் தங்கினோம். மறுநாள் அந்தக் கொடி போட்ட கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாவ. பாஸ்டர் ஒரு பொம்பள. கழுத்துல வெள்ளைப் பட்டை, கீழ ஜீன்ஸு. கோயிலுக்குப் பின்னால ஒரு தோட்டம். அதுல சாம்பலைப் புதைப்பாங்களாம், மேல சின்னக் கல்லு வைப்பாங்களாம். வெஸ்லி அந்த இடத்தை விட்டு வர மாட்டேங்கான். வாதுமை மாதிரி ஒரு மரம், அது அடியில நின்னுட்டே இருந்தான். எனக்குத் தெரிஞ்சுட்டு, இவன் ஊரைப் பாத்துட்டான்.

பாஸ்டரம்மா என் முன்னால உக்காந்து அவ ஃபோனை நீட்டினா. அது கேட்டுச்சு: "உங்கள் மகனை இங்கே வைக்க உங்களுக்குச் சம்மதமா? நீங்கள் சம்மதிக்காமல் செய்ய வேண்டாம் என்று வெஸ்லி சொல்கிறார்."

நான் யோசிக்கணும்னேன்.

ஏன்னா ஊர்ல ஏற்பாடு வேற. கொழுந்தன் தவமணி, சாருக்குத் தம்பி, கோயில் கமிட்டில இருக்காரு. பெட்டியை நான் கொண்டு வாரேன், சார் கல்லறைக்குப் பக்கத்துல வைக்கணும்னு முதல்லயே பேசினது. அன்னைக்கி அவரே ஃபோன் பண்ணிட்டாரு.

"மதினி, எப்ப கிளம்புதிய? பெட்டியைத் துணிக்கு நடுவுல வச்சுக் கட்டுங்க. இங்க நான் எல்லாம் பேசிட்டேன்."

"கோயில்ல பேரு வாசிப்பாவல்லா, எப்படி வாசிப்பாவ?"ன்னு கேட்டேன்.

"தேவதாசன் சார் மகன் டென்சிங், திருமணமாகாதவர். வேற எப்படி?"

அவரு குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அங்கேருந்து எவனாவது கூட வாரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க மதினி. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ"ன்னாரு.

அவருக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எல்லாரும் என் முன்னால வாயை மூடிட்டு இருந்திருக்காவ. நான் நெனச்சேன் நான் மட்டும்தான் மூடிட்டு இருக்கேன்னு. சரின்னு சொல்லி ஃபோனை வச்சேன்.

கீழ இறங்கினா, லொரெய்ன் அடுக்களையில வெஸ்லி நிக்கான். முட்டைக்கு மிளகு இடிச்சுட்டு இருந்தான். பொடி மிளகு இருக்கு, ஆனா இடிச்சுத்தான் போடணும் அவனுக்கு. எங்க வீட்ல அப்படித்தான், சாருக்கு அப்படித்தான் வேணும், டென்சிங்குக்கும். டென்சிங்கோட ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். கை பத்தாம மணிக்கட்டு தெரியுது. இவன் இத்தனை நாளும் அதைத்தான் போட்டிருந்திருக்கான், எனக்குக் கண்ணுல படல. தையல் டீச்சருக்குக் கண்ணுல படலன்னா பாத்துக்கிடுங்க. தட்டை என் முன்னால வச்சான். எதுத்தாப்ல உக்காந்தான். அன்னைக்கிச் சாப்பிட்டான்.

நான் அந்தத் தோட்டத்தைக் கை காட்டி "சரி"ன்னேன். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும்லா.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை புதைச்சோம். மண்ணு இளகினாத்தான் தோண்ட முடியுமாம். லொரெய்ன் வந்தா, அந்த இன்னொரு அம்மா வந்தா, காலேஜ் பிள்ளைங்க கொஞ்சம் பேரு, யாருன்னே தெரியாது, வந்து நின்னுச்சுவ. வெஸ்லி என்னைத் தமிழ்ல ஜெபம் பண்ணச் சொன்னான். பண்ணினேன். பரமண்டல ஜெபம்தான், வேற ஒண்ணும் வாயில வரல. நடுவுல நின்னுபோச்சு. நான் எத்தனை வயசுல படிச்சது, அது நின்னுபோச்சு. அவங்க எல்லாரும் இங்கிலீஷ்ல அதே ஜெபத்தைச் சொல்லி முடிச்சாவ. கல்லுல என்ன எழுதணும்னு முன்னமே கேட்டான். எல்லாத்தையும் போடுன்னேன். தேவதாசன் லில்லிபுஷ்பம் மகன்னும் போடு, உன் பேரையும் போடுன்னேன். போட்டிருக்கான். தமிழ்லயும் டென்சிங்னு வெட்டியிருக்கு. முதல் எழுத்துக் கொம்பு கொஞ்சம் கோணல், அங்க வெட்டுதவனுக்கு என்ன தெரியும்.

அதுக்கப்புறம் வீடு மாறினான். லொரெய்ன் கடையில பழைய தையல் மெஷின் ஒண்ணு இருந்துச்சு, அதுல அவன் வீட்டுக்குத் திரைச்சீலை எல்லாம் நான்தான் தைச்சேன். ஸ்வெட்டருக்குக் கையை நீட்டிக் குடுத்தேன், வேற கலர் நூலுதான் கிடைச்சுச்சு. ஏர்போர்ட்ல அவன் வீல்சேர்க்காரன்கிட்ட என்னமோ சொல்லிட்டு இருந்தான். மதர்-இன்-லான்னு காதுல விழுந்துச்சு. நான் திருத்தல. என்னத்துக்குத் திருத்த, ஃபிரெண்டு தான, என்ன சொன்னாத்தான் என்ன.

நாளைக்கிக் கொழுந்தன் திருநெல்வேலி ஸ்டேஷனுக்குக் காரோட வருவாரு. கல்லறைக்கு ஆளு சொல்லிக் குழி தோண்டி வச்சிருக்கேன்னு போன வாரம்கூடச் சொன்னாரு. நான் இன்னும் சொல்லல. இறங்கினதும் என் முகத்தைப் பாக்க மாட்டாரு, கையைத்தான் பாப்பாரு. பெட்டி எங்க மதினிம்பாரு. கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாப்பானுவன்னு பயந்து விட்டுட்டு வந்தேன்னு சொல்லிரலாமான்னு பாத்தேன். அவரு ஒத்துக்கிடுவாரு. பேச்சு அதோட நின்னுரும். எல்லாருக்கும் வசதிதான்.

ஆனா எனக்கு அதைச் சொல்ல வாய் வராது போல இருக்குக்கா. நீங்களே சொல்லுங்க, உங்க மகளை நீங்க விட்டுட்டுத்தான வாரிய? கல்யாணம் ஆன பிள்ளைய அவன் வீட்லேருந்து நான் எப்படி எடுத்துட்டு வர?